மெரூன் ரவிக்கை

'பயனாளி ஜோதிலட்சுமி. வயது முப்பத்தாறு. முன்அனுபவம் ஏதுமற்றவர். இலவசப் பயிற்சிக்குப் பின், தியாகராய நகர் ஜவுளிக்கடை ஒன்றில் நிரந்தரப் பணியில் உள்ளார்' என்கிறது பயிற்சி மையத்தின் அறிக்கை.

முன்அனுபவமற்ற ஜோதிலட்சுமி, பாவாடை கட்டிய வயதிலிருந்து மந்தைவெளி வீடுகளில் பாத்திரம் தேய்த்தவள். அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து பெரும்பாக்கத்து மாடிக் குடியிருப்புக்குத் துரத்தப்பட்ட பிறகும், பஸ் மாறி வந்து அதே பாத்திரங்களைத் தேய்த்தாள்.

அரசுப் பணத்தில் நடந்த பயிற்சி மையத்தில், வாடிக்கையாளரைப் பார்த்து எப்படிச் சிரிப்பது என்று சொல்லிக்கொடுத்தார்கள். சிரிப்பு அவளுக்கு நன்றாகவே வந்தது. கீழ்வீட்டு அன்புச்செல்வியையும் அடுத்த அணியில் சேர்த்துவிட்டாள்.

பயிற்சி முடிந்து மூன்று மாதம் மையத்திலிருந்து சத்தமே இல்லை. பிறகு மைய மேலாளர் வெங்கடேஷ் கூப்பிட்டார். "வேலை ரெடிம்மா. புடவை கடையில குடுப்பாங்க. ரவிக்கை மட்டும் நீயே தச்சுக்கோ. மெரூன் கலர்."

ரவிக்கை தைத்தாள். பாத்திரம் தேய்த்த வீடுகளை விட்டாள்.

"நாள் பூரா நிக்க வச்சுடுவாடி, யோசிச்சுண்டியோ?" என்றாள், அவள் வேலை செய்த வீட்டு வைதேகி மாமி.

"நின்னுக்கினு இருந்தா இன்னா மாமி? குனிஞ்சுக்கினு இருந்தது போதும்."

முதல் நாள் காலையிலேயே, பயிற்சி பெற்றவர்களுக்கு வேலை கிடைத்ததா என்று பார்த்து மையத்துக்குப் பணம் விடுவிக்கும் அரசு அதிகாரி ஒருவர் கடைக்கு வந்தார். வெங்கடேஷ் அவள் காதோரம், "கேட்டா மூணு மாசமா இங்க வேலைன்னு சொல்லு" என்றார்.

"இன்னிக்குத்தான சார் வந்தேன்?"

"சொன்னாத்தான் வேலை."

சொன்னாள், கற்ற சிரிப்போடு. அதிகாரி படம் எடுத்துக்கொண்டு போனார். கடை முதலாளி சுயம்புலிங்கம், "சேலைய மடிச்சு வச்சிட்டுப் போம்மா" என்றார்.

"நாளைக்கு எத்தினி மணிக்கு வரணும், அண்ணாச்சி?"

"நாளைக்கு எதுக்கு?" அவருக்கு உண்மையாகவே புரியவில்லை.

மந்தைவெளியில் அவள் இடத்தில் வேறொருத்தி குனிந்திருந்தாள். ஆனால் கடை வேலை கிடைத்ததாகக் குடியிருப்பு முழுக்கச் சொல்லியாகிவிட்டதே! தினமும் காலையில் அந்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள், தெருத்தெருவாக வீட்டு வேலை தேடுவதற்கு.

ஒரு நாள் வெங்கடேஷின் போன். "ஜோதி, அந்த ரவிக்கை வச்சிருக்க இல்ல? நாளைக்கு வேற ஆபீசர் வராரு. இந்த வாட்டி அன்புச்செல்வி பேருக்கு."

"அவளையே கூப்புடலாமே சார்?"

"அவ வந்தா வேலை கேப்பா. உனக்குத்தான் விஷயம் தெரியுமே. நீ வந்துட்டுப் போ, உன்ன நெசமாவே வச்சுக்கச் சொல்லி அண்ணாச்சிகிட்ட பேசறேன்."

சாயந்திரம் மாடிப்படியில் அன்புச்செல்வி மறித்தாள். "யக்கா, எனக்கும் உன் கடையிலயே வாங்கித் தரேன்னு சார் சொல்லிக்கினு கீறாரு. அளவுக்கு உன் ரவிக்கைய ஒரு நாள் குடேன்."

"தோச்சுப் போட்டுக்கீறேன். இன்னும் காயல."

மறுநாள் ஜோதிலட்சுமி அந்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனாள். தன் பெயர் அன்புச்செல்வி என்றும், மூன்று மாதமாக அங்கே வேலை பார்ப்பதாகவும் அதிகாரியிடம் சொன்னாள்.