வண்டி ஏறிய சும்மாடு

கண்ணாடிக் கதவுக்கு உள்ளே வரிசையாக நின்ற புது பைக்குகளில் ஒன்றின் சீட்டில் அண்ணி தன் சும்மாட்டை வைத்தார். பழைய லுங்கியைக் கிழித்து, முறுக்கி, வளையமாகச் சுற்றிய சும்மாடு அது. கூடைக்கும் தலைக்கும் நடுவே அவர் தினமும் வைப்பது; எத்தனை தடவை துவைத்தாலும் மீன் வாடை போகாது. அந்த வண்டியின் சீட்டு பின்பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. சும்மாடு மெல்ல முன்னால் வழுக்கி பெட்ரோல் டேங்கில் முட்டி நின்றது. "இது வோணாம்" என்று எடுத்துக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போனார். டை கட்டிய விற்பனையாளர் கையில் விளம்பரத் தாளோடு பின்னாலேயே வந்தார். எதைத் தடுப்பது, எப்படித் தடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

அண்ணி என் அண்ணனின் மனைவி. அண்ணன் விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போகிறவர். கரையில் அவரைப் பார்ப்பது அரிது. திருவொற்றியூரில் இருந்த வீட்டை நடத்தியது அண்ணியின் மீன் கூடைதான். விடிவதற்கு முன்னால் காசிமேட்டில் ஏலம் எடுப்பார். அலுமினிய அன்னக்கூடையில் சங்கரா மீனும் காரப்பொடி மீனும் நிரப்பி ஐஸ் போட்டு, வள்ளூர் அனல்மின் நிலையத்துக்கு வெளியே இருக்கும் தகரக் கொட்டகைகளுக்குக் கொண்டுபோவார். ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் அங்கே தங்கியிருந்தார்கள். மீன் இல்லாமல் சோறு இறங்காத ஆட்கள். காலை ஷிப்டுக்குப் போகுமுன் குழம்பு கொதித்தாக வேண்டும். மீன் அதற்கு முன் வந்தால் விற்கும். பின்னால் வந்தால் பூனைக்குத்தான்.

நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். குஜராத்தில் வேராவலில் படகு, கோவாவில் ஹோட்டல் சமையற்கட்டு, எண்ணூரில் கன்டெய்னர் யார்டு என்று போய்க்கொண்டே இருந்தேன். ஒரே ஊரில் ஒரு மழைக்காலத்தைத் தாண்டினால் கால் அரிக்கும். அந்தச் சமயம் வேலை இல்லாமல் அண்ணி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அண்ணியைக் கூடையோடு தினமும் வள்ளூருக்கு ஏற்றிப்போன ஷேர் ஆட்டோக்காரன் கைவிரித்தான். மீன் தண்ணீர் சொட்டுகிறது, மற்ற சவாரி ஏற மாட்டேன் என்கிறது என்றான். பஸ்ஸில் கூடையைக் கண்டாலே கண்டக்டர் விசில் ஊதிவிடுவார். இதே நேரத்தில் ஐஸ் பெட்டி வைத்த வேன் ஒன்று வள்ளூர் கேட்டுக்கு வர ஆரம்பித்தது. நாலு நாள் அண்ணி பிந்திப் போனார். கொட்டகைகளுக்கெல்லாம் சேர்த்து மீன் வாங்கும் ஒடியாக்காரச் சமையல்காரர் தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிவிட்டார்: "அக்கா, நீ லேட். வேன் லேட் இல்லை."

அண்ணி வீட்டுக்கு வந்து கூடையைக் கவிழ்த்து வைத்தார். "வண்டி வாங்கணும்" என்றார். அவ்வளவுதான். அழுகை இல்லை, புலம்பல் இல்லை. மார்க்கெட்டில் புதிதாக உட்கார யாரும் இடம் விடமாட்டார்கள். வள்ளூர் போனால் எல்லாம் போனது. அது எனக்கும் தெரியும்.

தெருவே யோசனை சொல்ல வந்துவிட்டது. ஸ்கூட்டர் வாங்கு, சேலை கட்டிக்கொண்டு ஓட்டலாம் என்றது ஒரு கட்சி. "சின்ன சக்கரம். எண்ணூர் ரோட்ல கன்டெய்னர் லாரி பறிச்சு வச்ச குழில எறங்குனா நானும் கூடையும் உள்ளயே இருந்துக்க வேண்டியதுதான்" என்றார் அண்ணி. மொபெட் போதும் என்றார் எதிர்வீட்டு மாமா. "பாலம் ஏறும்போது அது அழுவும் மாமா. தெனமும் அத்த சமாதானம் பண்ணிக்கினு வர என்னால ஆவாது."

நான் பல ஊர் பார்த்தவன் என்பதால் வண்டி பார்க்க என்னைக் கூட்டிப் போனார். எனக்குப் பிடித்தது டிஸ்க் பிரேக்கும் சிவப்பு ஸ்டிக்கரும் போட்ட ஒரு உயரமான வண்டி. "அண்ணி, இத்தப் பாரு, இன்னா கெத்தா கீது" என்றேன். சும்மாட்டை வைத்தார். அது தரையில் விழுந்தது. "கெத்து கீழ வுயுந்துச்சு பாரு" என்று குனிந்து எடுத்துக்கொண்டார்.

விற்பனையாளர் மைலேஜ், கியர், தவணை எல்லாவற்றையும் என்னிடமே சொல்லிக்கொண்டிருந்தார். ஓட்டப்போவது அண்ணிதான் என்று நான் கையைக் காட்டியதும் உடனே ஸ்கூட்டர் பக்கம் திரும்பினார். "லேடீஸ்க்குன்னா இது நல்லா மூவ் ஆகுது மேடம்."

"நான் லேடீஸ் இல்லப்பா, மீன்காரி. தட்டையா சீட்டு வச்ச வண்டி எங்க கீது?"

அப்படி எதுவும் இல்லை என்றார். எல்லாச் சீட்டிலும் சும்மாடு வழுக்கியாகிவிட்டது. திரும்ப வேண்டியதுதான் என்று நான் செருப்பு மாட்டினேன். அண்ணி பின்வாசல் வழியாக சர்வீஸ் கொட்டகைக்குள் போய்விட்டார். அங்கே தூசி படிந்து ஒரு கறுப்பு வண்டி நின்றது. ஸ்டிக்கர் இல்லை, பட்டன் ஸ்டார்ட் இல்லை; உதைத்துத்தான் கிளப்ப வேண்டும். இருப்பதிலேயே மலிவான மாடல். யாரும் கேட்பதில்லை என்று உள்ளே தள்ளி வைத்திருந்தார்கள். நீளமான, பலகை போன்ற சீட்டு; பின்னால் இரும்பு கேரியர். செயினை முழுசாக மூடிய தகரப் பெட்டி.

அண்ணி முதலில் தொட்டுப் பார்த்தது அந்தத் தகரத்தைத்தான். ஐஸ் உருகி உப்புத் தண்ணீர் ஒழுகினால் செயினுக்குள் போகாது. பிறகு சும்மாட்டை வைத்தார். அது அப்படியே உட்கார்ந்தது. வெளியே நாங்கள் வந்த ஆட்டோவில் விட்டிருந்த அன்னக்கூடையை என்னை எடுத்துவரச் சொல்லி, வண்டி கழுவும் குழாயில் தண்ணீர் நிரப்பச் செய்து, இரண்டு பேராகத் தூக்கி சும்மாட்டின் மேல் வைத்தோம். ஹேண்டில்பாரைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டினார். தண்ணீர் தளும்பியது, கூடை நகரவில்லை. மெக்கானிக்குகள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். "இதான்" என்றார் அண்ணி. விற்பனையாளர் தரையில் சிந்திய தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஓட்டக் கற்றுக்கொண்டதில் சொல்ல ஒன்றுமில்லை. விழுந்தார், எழுந்தார், முட்டியில் மஞ்சள் வைத்தார், லைசென்ஸ் வாங்கினார். சேலைக்கு மேல் அண்ணனின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டார்.

முதல் நாள் நான் ஒரு இரவல் மொபெட்டில் பின்னால் போனேன். காசிமேட்டில் கூடையை ஏற்றியபோது இருவருக்கும் ஒன்று தோன்றவில்லை. தலையில் வைத்த கூடையை யாரும் கயிறு போட்டுக் கட்டுவதில்லை. கழுத்து பார்த்துக்கொள்ளும். பாரம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் இடுப்பு தானே போகும். அந்தப் பழக்கத்தில் சும்மாட்டின் மேல் கூடையை வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். திருவொற்றியூர் தேரடி தாண்டுவதற்குள் முன்னால் போன லாரி சடாரென்று நின்றது. அண்ணியும் பிரேக் போட்டார். வண்டி நின்றது. வண்டிக்குக் கழுத்து இல்லை. கூடை சாய்ந்து மேலே இருந்த சங்கரா எல்லாம் தார்ரோட்டில் சிவப்பாகச் சிதறியது.

பழைய ஷேர் ஆட்டோக்காரனுக்கு வந்து சேர வேறு நேரம் கிடைக்கவில்லை. தலையை வெளியே நீட்டி, "இன்னாக்கா, ரோட்லயே கடை போட்டுட்ட?" என்றான்.

"ஆமா நைனா. போணி பண்ணிட்டுப் போ" என்றார் அண்ணி, குனிந்து மீன் பொறுக்கியபடியே.

"வூட்டுக்குப் போயிடலாம் அண்ணி, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நாளைக்கு வேனும் வரும்டா" என்றார். பக்கத்து பஞ்சர் கடையில் பழைய டியூபைக் கேட்டு வாங்கி, நீளமாகக் கீறி, கூடையைக் கேரியரோடு சேர்த்து இறுக்கினார். விழுந்த மீனைக் குழாயில் கழுவித் தனியாக ஒரு பையில் போட்டார். விழாதது கூடையிலேயே இருந்தது, ஏறக்குறைய பாதி.

வள்ளூரில் வேன் ஏற்கெனவே நின்றிருந்தது. சமையல்காரர் பாத்திரத்தோடு அதன் பக்கத்தில் நின்றார், இன்னும் வாங்கவில்லை. அண்ணி வண்டியை அவர் காலருகே கொண்டுபோய் நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொன்னார்: "கூடையில கீறது நல்லது. பையில கீறது ரோட்ல வுயுந்தது, கழுவி கீது. பாத்து எடுத்துக்க." வேன்காரர் சிரித்தார். சமையல்காரர் செவுளைத் தூக்கிப் பார்த்தார். கூடையில் இருந்ததை முழுசாக எடுத்துக்கொண்டார். பையைத் தொடவில்லை. ஆனால் டியூப் கட்டை ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, "நாளைக்கு கூடை ஃபுல்" என்றார். அன்று எங்கள் வீட்டில் பையிலிருந்த சங்கராதான் குழம்பு. பல்லில் மணல் கடிபட்டது.

வேன் இப்போதும் வருகிறது. அண்ணியும் போகிறார். இரண்டு பேருக்கும் வியாபாரம் இருக்கிறது. நான் அதற்கப்புறம் மங்களூர், கொச்சி எல்லாம் சுற்றிவிட்டேன். கூடை சுமந்து உச்சந்தலையில் வட்டமாக உதிர்ந்திருந்த அண்ணியின் முடி இப்போது முளைத்துவிட்டது, பாதி நரையாக. அந்த வட்டம் வண்டிச் சீட்டுக்கு மாறியிருக்கிறது. சும்மாடு உட்கார்ந்து உட்கார்ந்து ரெக்சின் அங்கே வெளுத்துப்போயிருக்கிறது.

சென்ற மாதம் ஊருக்கு வந்தபோது அண்ணி என்னை அதே கண்ணாடிக் கதவு ஷோரூமுக்குக் கூட்டிப் போனார். காசிமேட்டில் அவரோடு ஏலம் எடுக்கும் பெண் ஒருத்திக்கு வண்டி வாங்க வேண்டுமாம். அந்தப் பெண் இடுப்பில் ஒரு சும்மாட்டைச் செருகியிருந்தாள். விற்பனையாளர் அதே ஆள்தான்; கொஞ்சம் தொப்பை வைத்திருந்தார். சும்மாட்டைப் பார்த்ததும் விளம்பரத் தாளை மேசையில் வைத்துவிட்டு, பளபளப்பான வண்டிகளைத் தாண்டி எங்களை நேராகப் பின்பக்கம் அழைத்துப் போனார். அங்கே தட்டைச் சீட்டு வண்டி ஒன்றைத் துடைத்து நிறுத்தியிருந்தார்கள். அந்தப் பெண் தன் சும்மாட்டை வைத்தாள். அது அப்படியே உட்கார்ந்தது. அவள் சந்தோஷமாக ஏறப் போனாள்.

அண்ணி தன் பையிலிருந்து கறுப்பு டியூப் ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"ஓட்றது அப்புறம். மொதல்ல கட்டக் கத்துக்கோ."