கறந்து காட்டும்மா

வண்டியை ஸ்டாண்டு போட்ட கையோடு செங்கல்வராயன் கேன் மூடியைத் திறப்பார். எவர்சில்வர் டம்ளரை உள்ளே விட்டு முங்க மொள்வார். அயனம்பாக்கம் ஏரிப் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டில் பாத்திரத்தோடு நிற்பவர்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்து முடிப்பார். "நானே குட்ச்சிட்டேன். இதுக்கு மேல இன்னா சாட்சி வோணும்?" அதற்குப் பிறகுதான் வியாபாரம்.

தண்ணீர் கலக்கிறார் என்று எப்போதோ ஒருவர் கிளப்பிவிட்ட பேச்சுக்குப் பதிலாக ஆரம்பித்த வழக்கம் இது. கிளப்பியவர் வீடு மாற்றிக்கொண்டு போய்விட்டார், வழக்கம் போகவில்லை. பாக்கெட் பாலை விட்டுவிட்டு இவரிடம் வாங்க லிஃப்டில் இறங்கி வருகிற ஐடி குடும்பங்களுக்கு அந்த ஒரு டம்ளர்தான் ஐஎஸ்ஐ முத்திரை.

இப்படிப்பட்டவருக்குத்தான் அறுபதை நெருங்கும்போது பால் ஒத்துக்கொள்ளாமல் போனது. குடித்த சற்று நேரத்தில் வயிறு கடமுடவென்று இரையும். பாதி வீடுகளுக்கு ஊற்றாமலே வண்டியை விரட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடுவார். பாலை விட்டுவிட்டு சோயா பால் குடியுங்கள் என்றார் அம்பத்தூர் டாக்டர். செங்கல்வராயன் அவரிடம் வேறு எதுவும் கேட்கவில்லை. "சார், இத்த மட்டும் யாராண்டயும் சொல்லிடாதீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

"குடிக்காமதான் ஊத்திட்டு வாயேன்யா. எவன் கேக்கப் போறான்?" என்றாள் மனைவி சாமுண்டீஸ்வரி.

"ஒரு நாளு குடிக்கலன்னு வெச்சுக்கோ, தண்ணி ஊத்திட்டான்டான்னுவானுங்க. வவுறு சரியில்லன்னு சொன்னா அத்தவிட பேஜாரு. இவன் பாலு இவனுக்கே ஒத்துக்கலையாம்னு ஒருத்தனும் வாங்க மாட்டான்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கொட்டகையில் இருக்கும் ஆறு மாடுகளும் அந்த டம்ளரை நம்பித்தான் அசைபோட்டுக்கொண்டிருந்தன.

கடையில் விற்கிற சோயா பாலில் வெனிலா வாசனை அடித்தது. காலி டப்பாவைக் குப்பையில் போட்டால் ஊரே பார்க்கும். ஆகவே வீட்டிலேயே தயாரிக்கிற மிஷின் வாங்க முடிவு செய்தார். அம்பத்தூர்க் கடைகளில் தெரிந்த முகம் எதிர்ப்படும் என்று பஸ் ஏறிப் பூந்தமல்லிக்குப் போனார்.

அவருக்கு வாங்கத் தெரிந்தது கறவை மாடு ஒன்றுதான். மிஷினையும் அப்படியே வாங்கினார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கடை மேசைமேல் இருந்த இரண்டு மிஷினையும் ஒரு சுற்று வந்தார். மூடியைத் தூக்கி, பல் பிடித்துப் பார்ப்பதுபோல் பிளேடைப் பார்த்தார். முதுகில் தட்டினார். கெட்ட சுழி ஏதும் இருக்கிறதா என்று அடியைக் கவிழ்த்தார். கேரண்டி ஸ்டிக்கர்தான் இருந்தது.

"எத்தினி லிட்டரு கறக்கும்?"

விற்பனைப் பெண் சபீனா அசரவில்லை. "ஒரு லிட்டர் சார்."

"ரெண்டு வேளையும் குடுக்குமா?"

"எத்தனை வேளை போட்டாலும் குடுக்கும் சார்."

இதை அவள் சொல்லியிருக்கக் கூடாது. அப்படிச் சொல்கிற தரகனை அவர் ஒருநாளும் நம்பியதில்லை. கறந்து பார்க்காமல் மாடு பிடிக்கிற வழக்கமும் அவர் குடும்பத்தில் கிடையாது. பைக்குள்ளிருந்து டிபன் டப்பாவை எடுத்தார். உள்ளே ராத்திரியே ஊறப்போட்ட சோயா பீன்ஸ். "கறந்து காட்டும்மா" என்றார்.

சபீனா இரண்டு மிஷினிலும் போட்டுக் காட்டினாள். பீன்ஸ் அரைபட்டுக் கொதித்துப் பாலாவதைப் பார்த்துக்கொண்டே நின்றவருக்குத் தொழில்முறைக் கவலை ஒன்று வந்தது. "எங்க மாட்டுக்கும் சோயாப் புண்ணாக்குதாம்மா வெக்கறோம். அதே தீனி, அதே பாலு. நடுவுல மாடுதான் இல்ல."

வடிகட்டி இல்லாத மிஷின் சாதுவாக இருந்தது. தன்னைத் தானே கழுவிக்கொள்ளும் என்றும் சொன்னாள். ஆனால் அதன் பால் மஞ்சள் தட்டி, அடியில் திப்பியோடு கிடந்தது. வடிகட்டி உள்ளது கடையே அதிர இரைந்தது. அதைக் கழுவ ஒரு ஆள் வேண்டும். ஆனால் செங்கல்வராயன் டம்ளரில் தூக்கி ஆற்றியபோது, பால் வெள்ளையாக விழுந்து நுரை கட்டி நின்றது.

"சார், இதுல நுரை வருதுன்னுதான் எல்லாரும் திருப்பிக் குடுக்கறாங்க."

"எனக்கு நொரதாம்மா வோணும்."

விலை முடிந்ததும் அவள் ஒயரைச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்தாள். அவர் பதறிப்போனார். மாட்டை விற்கிறவர்கள் பழைய கயிற்றைக் கொடுக்கமாட்டார்கள். கொடுத்தால் வீட்டு லட்சுமியும் கூடவே போய்விடுவாள். "கயிறோட குடுக்கறியேம்மா, உன் ராசி பூடப்போவுது!" என்றார்.

மறுநாளிலிருந்து வண்டியில் தனியாக ஒரு தூக்கு தொங்கியது. "குடிக்கற டம்ளரக் கேன்ல உடக்கூடாது பாருங்க. சுத்தம் வோணும்ல?" என்று சொல்லி அதிலிருந்து ஊற்றிக் குடித்தார். குடியிருப்பு வாட்ஸப்பில் கைதட்டல்கள் பறந்தன. பனைமரத்தடியில் நின்று பால் குடித்தாலும் கள் என்பார்களாம். செங்கல்வராயன் எதைக் குடித்தாலும் பால் என்றார்கள். வயிறும் அடங்கியது. கொஞ்ச நாள் மனிதர் புதுமாப்பிள்ளை மாதிரி வளைய வந்தார்.

போன வாரம் ஒருநாள் காலை, யாரும் கேனுக்கு நேரே பாத்திரத்தை நீட்டவில்லை. மதுரையிலிருந்து வந்து இரண்டாம் மாடியில் குடியிருக்கும் கிருஷ்ணப்பிரியாதான் ஆரம்பித்தாள். "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. எனக்கு அந்தத் தூக்குல இருக்கறதையே ஊத்துங்க."

"அது நான் குடிக்கறதும்மா."

"அதுக்குத்தான் கேக்குறேன். உங்களுக்குன்னு தனியாக் கொண்டு வர்றீங்க. அப்பக் கேன்லதான தண்ணி கலந்திருக்கு?"

பின்னால் நின்றவர்கள் தலையாட்டினார்கள். ஊற்றிக் கொடுத்தால் சோயா என்று முதல் வாயிலேயே தெரிந்துவிடும். மறுத்தால் தண்ணீர்தான் என்று முடிவாகிவிடும். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகிப்போனதை நினைத்து மனிதர் ஒரு கணம் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாவமாகத்தான் இருந்தது.

பிறகு டம்ளரைக் கேனுக்குள் விட்டு முங்க மொண்டார். எல்லாரும் பார்க்க, கடைசிச் சொட்டு வரை குடித்தார். கிருஷ்ணப்பிரியா முகம் தெளிந்து பாத்திரத்தை நீட்டினாள். வலது கையால் அவளுக்குப் பால் அளந்துகொண்டே, செங்கல்வராயன் இடது கையை வாட்ச்மேன் பக்கம் நீட்டினார்.

"நைனா, கீழ் பாத்ரூம் சாவி உன்னாண்டதான கீது? குடு."