ஃபிரிட்ஜுக்குத் தைத்த நீலக் கோட்டு

குளிரவைக்கிற பெட்டிக்கே குளிருமா? உறை அக்கா ஒரு நாள் இப்படிக் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் பஞ்சு வாங்கக் கிளம்பிவிட்டார்.

அவர் தையல்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. எதைப் பார்த்தாலும் அதற்கு ஒரு உறை தைத்துப் போட்டுவிடுவார், அதனால் தெருவுக்கே அவர் உறை அக்கா. ரிமோட்டுக்கு உறை, குடைக்கு உறை, அந்த உறையை வைக்க ஒரு பை. இஸ்திரிப் பெட்டிக்குச் சூடு ஆறுவதற்குள் போட்ட உறை ஒரு நாள்கூட உயிரோடு இருக்கவில்லை. அதற்கெல்லாம் அக்கா அசரவில்லை. அவருடைய கணவர் பஸ் ஓட்டுநர். "வீட்ல நான் கொஞ்சம் அசையாம உட்கார்ந்தா எனக்கும் பட்டன் வச்சிடுவா" என்பார்.

கடை மூலையில், வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க ஒரு குட்டி ஃபிரிட்ஜ் இருந்தது. அதற்குத்தான் பஞ்சு வைத்து நீலத்தில் ஒரு கோட்டு. கதவைத் திறக்க முன்னால் ஜிப், ஒயர் வர பின்னால் ஒரு துளை, மேலே காலர். ஃபிரிட்ஜுக்குக் கழுத்து எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

பேன்ட் உயரம் குறைக்க வந்த விடுதி மேலாளர் அந்தக் கோட்டைப் பார்த்துச் சொக்கிப்போனார். "எங்க விடுதியில ரூமுக்கு ஒரு குட்டி ஃபிரிட்ஜ் இருக்கும்மா. எல்லாத்துக்கும் இதே மாதிரி வேணும். சனிக்கிழமை சாயங்காலம் வந்து முடிவா பேசிடறேன்."

அக்காவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இத்தனை வருஷமாக வந்ததெல்லாம் கிழிசல் தைப்பதும் ஜிப் மாற்றுவதும்தான். அவராக யோசித்துத் தைத்த ஒன்றைத் தேடி வந்து கேட்ட முதல் ஆள் இவர்.

சனிக்கிழமை மதியம், மேலாளருக்கென்று உள்ளே வைத்திருந்த ஜூஸில் அக்காவின் நாத்தனார் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள்.

"அண்ணி, இது ஜூஸா வெந்நீரா?"

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கணவர் பிளக்கை ஆட்டிப் பார்த்தார். கரண்ட் இருந்தது, உள்ளே விளக்கும் எரிந்தது. குளிரைக் கூட்டும் குமிழைக் கடைசி வரை திருகினார். கதவு ரப்பர் சரியாகப் பிடிக்கிறதா என்று ஒரு தாளை இடுக்கி இழுத்தார். தாள் கிழிந்ததே தவிர வழுக்கி வரவில்லை. நாத்தனார் தன் பங்குக்கு ஃபிரிட்ஜின் தலையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

"ஏய், எதுக்குடி அடிக்கிற?"

"என் போன் இப்படித்தான் அண்ணி சரியாகும்."

கணவர் காதை வைத்துக் கேட்டார். "மோட்டார் ஓயாம ஓடுதும்மா. பாவம், மூச்சு வாங்குது. அந்தக் கோட்டைக் கொஞ்சம் கழட்டேன்."

"கோட்டைத் தொடாதீங்க! கசங்கிடும், சாயங்காலம் அவர் வரார்."

அப்போதுதான் அவர் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். "ஏம்மா, உன் ஃபிரிட்ஜ் முழுகாம இருக்கா?"

கோட்டின் முதுகு புடைத்திருந்தது. புடைப்பு மெல்ல அசையவும் செய்தது. அக்கா அலறிக்கொண்டே கோட்டை உருவினார். உள்ளே வீட்டுப் பூனை. யாரைக் கேட்டு எழுப்பினீர்கள் என்பதுபோல் முறைத்தது.

"எங்க கதகதப்பா இருக்கோ, அங்கதானே இது படுக்கும்?" என்று நாத்தனார் பின்னால் இருந்த கறுப்புக் குழாயைத் தொட்டு, "ஆ!" என்று கையை உதறினாள். குழாய் முழுக்கத் தையல் நூல் பிசிறும் பஞ்சும் மெத்தைபோல் அப்பிக் கிடந்தன.

கணவர் மெதுவாகச் சொன்னார். "உள்ள இருக்கிற சூட்டை இது முதுகு வழியாத்தான் வெளிய விடணும் போல. நீ அந்த முதுகையே பொத்திட்ட."

அக்காவுக்கு முகம் தொங்கிப்போனது. பிளக்கைப் பிடுங்கினார்கள். பிசிறையெல்லாம் தையல் மெஷின் பிரஷால் தட்டி எடுத்தார்கள், சுவரை விட்டு நகர்த்தி வைத்தார்கள், மறுபடி ஓட விட்டார்கள். அதற்குள் வாசலில் செருப்புச் சத்தம்.

நாத்தனார் கிசுகிசுத்தாள். "அண்ணி, சீக்கிரம் கோட்டை மாட்டுங்க. ஆர்டரை வாங்கிட்டு அப்புறம் சொல்லிக்கலாம்."

அக்கா கோட்டை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். மாட்டவும் கை வரவில்லை, கீழே வைக்கவும் மனசு வரவில்லை. மேலாளர் உள்ளே வந்ததும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

"சார், இதைப் போட்டா ஃபிரிட்ஜ் குளிராது. எங்களோடதே இன்னைக்குப் படுத்துடுச்சு."

மேலாளர் தலையைச் சொறிந்தார். "எங்க விடுதியில ஏற்கெனவே எந்த ஃபிரிட்ஜுமே குளிரலையேம்மா! பார்க்க அழகா இருந்தாலாவது தங்க வர்றவங்க திட்ட மாட்டாங்கன்னுதான் கோட்டே கேட்டேன்."

"எங்க வச்சிருக்கீங்க?"

"மர அலமாரிக்குள்ள. நல்லா கதவு போட்டு மூடி."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "சார், நீங்க மரத்துலயே கோட்டு தச்சிட்டீங்க" என்றார் கணவர். அக்கா குழாயைக் காட்டி விளக்க, மேலாளர் பேன்ட்டைக்கூட வாங்காமல் தச்சரைத் தேடி ஓடினார்.

ஆர்டர் போனது போனதுதான். ஆனால் அலமாரிகளின் முதுகைத் திறந்ததும் விடுதி ஃபிரிட்ஜெல்லாம் குளிர ஆரம்பிக்க, அது அக்கா சொன்ன யோசனை என்று மேலாளர் போகிற இடமெல்லாம் சொல்லியிருக்கிறார். இப்போது அக்காவின் கடைக்கு, "ஃபிரிட்ஜ் பார்க்கறவங்க நீங்கதானே?" என்று ஆட்கள் வருகிறார்கள். "நான் டெய்லருங்க!" என்று கத்திவிட்டு, "சரி, பின்பக்கம் சுவரோட ஒட்டியா வச்சிருக்கீங்க?" என்று விசாரிக்கிறார். பேசிக்கொண்டிருக்கும்போதே வந்தவரின் சட்டைக் கிழிசலும் கண்ணில் பட்டுவிடுகிறது. அதைத் தைக்காமல் விடுவதில்லை.

உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது குளிராத ஃபிரிட்ஜோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால், அதைத் தட்டுவதற்கு முன்னால் இந்தக் கதையை அவருக்குச் சொல்லிவிடுங்கள்.