மூன்று நாள் கழற்றாத குல்லா

பழுப்பு நிறக் கம்பளிக் குல்லா. கொடைக்கானல் சந்தையில் அக்கா வாங்கியது. அதை ஒரு கையால் கழற்றி, மறு கையால் மச்சானின் முகவாயைத் திருப்பி, சன்னல் வெளிச்சத்தில் தலையைப் பார்ப்பதுதான் அப்போது காலையில் எனக்கு முதல் சோலி.

மச்சான் என் அக்கா புருஷன். கிளாவரையில் பூண்டு மூட்டை ஏற்றும்போது லாரி மேலிருந்து விழுந்தார். மதுரையில் தலையைத் திறந்து ரத்தக்கட்டியை எடுத்தார்கள். மூளை வீங்கியிருந்ததால் ஒரு பக்க மண்டை எலும்பைத் திரும்ப வைக்கவில்லை. பிறகு பொருத்தலாம் என்று வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்துவிட்டார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது, எலும்பைப் பொருத்துவதற்கு முன்னால் இன்னொரு ஆபரேஷன் வருமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "வரலாம், வராமலும் போகலாம். இன்னிக்கு எடுத்த ஸ்கேன வச்சு உறுதியாச் சொல்ல முடியாதுங்க. எலும்பு இல்லாத எடம் பள்ளமா இருக்கணும். மேடானாலோ, தூங்கிக்கிட்டே இருந்தாலோ உடனே கூட்டிட்டு வாங்க" என்றார். படித்தவரால் சொல்ல முடியாததை நான் பார்த்துச் சொல்ல வேண்டும். நான் ஐந்தாவது வரை படித்தவன். ஆனால் பள்ளமும் மேடும் தெரியும். தோட்டத்தில் பாத்தி கட்டுகிறவன்.

தினமும் பார்த்தேன். மச்சானுக்குச் சிரிப்பு. "ஏலே மாப்ள, சந்தையில மாட்டுக்குப் பல்லு பாக்குற மாதிரியில்ல பாக்குற. வெல படியுமா?" என்பார். "சும்மா இருங்க மச்சான்" என்பேன். பள்ளமாகத்தான் இருந்தது.

பிறகு மழை பிடித்தது. மூன்று நாள் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து நின்றது. எங்கள் பக்கத்தில் சீக்காளியின் தலையில் குளிர் ஏற விடமாட்டோம். "குல்லாவக் கழட்டாத தம்பி, சளி புடிச்சிரும். நல்லா அசந்து தூங்குறாரு, ஒடம்பு தேறுது" என்றாள் அக்கா. எனக்கும் சரியென்றே பட்டது. குல்லாவைக் காது மூட இழுத்துவிட்டது நான்தான். நாலாம் நாள் வெயில் வந்தது. கஞ்சி கொடுக்க எழுப்பினேன். எழவில்லை. குல்லாவைக் கழற்றினேன். பள்ளம் இல்லை. மேடாகிக் கிடந்தது.

மலையிறங்கி மதுரை சேரப் பொழுது சாய்ந்துவிட்டது. தலைக்குள் நீர் கோத்திருந்தது. மறுபடி ஆபரேஷன் செய்து குழாய் வைத்தார்கள். "எப்ப இருந்து இப்படி இருக்கு?" என்று டாக்டரம்மா கேட்டார். "தெரியாதுங்க" என்றேன். உயிர் தப்பியது. பேச்சும் வலது கையும் திரும்பவில்லை. முதல் நாளே கூட்டி வந்திருந்தால் பேச்சு மிஞ்சியிருக்குமா என்று ஒருமுறை டாக்டரம்மாவிடம் கேட்டேன். அதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அக்கா என்னை ஒன்றும் சொன்னதில்லை. நானும் அவளை.

எலும்பைப் பொருத்தி இரண்டு வருஷமாகிறது. பார்க்க இனி ஒன்றுமில்லை. ஆனாலும் வெள்ளனே தோட்டத்துக்குப் போகுமுன் மச்சானின் கட்டிலருகே போய் நிற்கிறேன். என்னைக் கண்டதும் மச்சான் இடது கையால் தானே குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, சன்னல் பக்கம் தலையைச் சாய்க்கிறார். பார்க்கிறேன். திரும்ப மாட்டிவிடுகிறேன். மழையானாலும் பார்க்காமல் விடுவதில்லை.