ஆறப் பொறுக்காத ஓபெத்

"இந்த ஓபெத் பொறந்ததுலேர்ந்து எவனுக்காகவும் எதுக்காகவும் காத்திருந்தவன் இல்ல. இனிமேலும் இருக்கப்போறதில்ல. கல்லுல எழுதி வெச்சுக்கங்க."

எங்கள் ஊர்ப் படகுத்துறையில், கப்பலுக்காகக் காத்திருந்த நாற்பது பேர் முன்னிலையில், ஓபெத் துமாலாத்து இவ்வாறு அறிவித்தான். கல் கிடைக்கவில்லை. ஆகவே காகிதத்தில் எழுதி வைக்கிறேன்.

அதுவரைக்கும் அவன் சொன்னதில் பொய்யில்லை. ஏழாம் மாதத்திலேயே பிறந்தவன். ஞானஸ்நானத்தின்போது பாதிரியார் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் 'ஆமென்' மாதிரி ஒரு சத்தம் போட்டதாகச் சொல்வார்கள். மாம்பழம் எப்படி இருக்கும் என்று நாற்பது வயதுவரை அவனுக்குத் தெரியாது, மாங்காய் தெரியும். ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கக் கூடாதா என்று கேட்பதுண்டு. இவன் ஆக்கவும் பொறுக்கமாட்டான். பாப்பெடா என்கிற சாகோக் களியை அடுப்பிலிருந்து இறக்கும்போதே மூங்கில் குச்சியில் சுருட்டி வாயில் போட்டு, வருஷத்தில் முந்நூறு நாள் வெந்த நாக்கோடு திரிந்தான். மீதி நாட்களில் வீட்டில் களி கிண்டவில்லை என்று அர்த்தம்.

களி கிண்டுவது அவன் அக்கா லியா. எங்கள் தீவில் அக்காவை 'ஊசி' என்றுதான் கூப்பிடுவோம். ஊசி லியாவுக்கு அது உறவுமுறை மட்டுமல்ல, குணச்சான்றிதழும்கூட.

"பூனைகூட ஆற வெச்சுத்தான்டா திங்குது," என்பாள். "உன்ன பெத்ததுக்கு அம்மா ஒரு பூனைய பெத்திருந்தா வீட்ல எலியாவது கொறஞ்சிருக்கும்."

கடலிலும் அவன் அப்படித்தான். எங்கள் வயிற்றுப்பாடு கடலடி மணலில் கிடக்கும் கடல் அட்டை. ஒரு காலத்தில் அது முழங்கை நீளம் கிடந்தது. பிறகு உள்ளங்கை அளவானது. கடைசியில் கட்டைவிரல். கட்டைவிரல் அளவு அட்டை இன்னும் குஞ்சு என்பது எல்லோருக்கும் தெரியும்.

"நான் எடுக்கலேன்னா யாப் எடுத்துருவான்," என்றான் ஓபெத்.

"நான் எடுக்கலேன்னா ஓபெத் எடுத்துருவான்," என்றான் அவனோடு அட்டை எடுக்கும் யாப்.

இருவரும் நியாயமாகத்தான் பேசினார்கள். அவர்களுடைய நியாயத்தில் கடல்தான் காலியானது.

அப்புறம் சபை கூடியது. எங்கள் ஊர்த்தலைவருக்கு ராஜா என்று பெயர். நானூறு வீடும் ஒரு டீசல் இயந்திரமும் உள்ள ராஜ்யம். மூன்று வருஷத்துக்குக் கடலில் 'சாசி' போடலாம் என்றார் ராஜா. இளந்தென்னை ஓலையைக் கழியில் கட்டிக் கடலில் நட்டுவிட்டால் அது சாசி. அவிழ்க்கும்வரை அட்டைமேல் ஒருவரும் கை வைக்கக் கூடாது. இதை எங்களுக்கு விளக்க, பல்கலைக்கழகத்திலிருந்து விந்தார்த்தி அம்மாள் வண்ணப் படங்களோடு வந்திருந்தார்.

"இன்னைக்கு ஒரு அட்டை வேணுமா, மூணு வருஷம் கழிச்சு ரெண்டு வேணுமா?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார்.

எல்லோரும் இரண்டு என்றோம். ஓபெத் மட்டும், "ஒண்ணு. இப்பவே," என்றான்.

நாளை கிடைப்பதை இன்றைக்கு எவ்வளவு மட்டமாக மதிக்கிறோம் என்பதற்கு அவர்கள் படிப்பில் ஒரு கணக்கு இருக்கிறதாம். பெயர் தள்ளுபடி வீதம். துணிக்கடைக்காரர்கள்கூட எட்டாத தள்ளுபடி ஓபெத்தினுடையது என்று அம்மாள் வருந்தினார். சாசி தொடங்க ஒன்பது நாள் இருந்தது. அன்று மத்தியானமே, இரண்டு என்று சொன்ன அத்தனை பேரும் (இதை எழுதுகிறவன் உட்பட) முக்குளிக்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடலுக்குள் இருந்தோம். சபையில் உண்மை பேசியவன் ஒருவன்தான்.

ராஜா இதைச் சபையிலேயே ஊகித்திருக்க வேண்டும். கடலுக்குக் காவல்காரன், எங்கள் சொல்லில் 'கேவாங்', யார் என்ற கேள்வி வந்தபோது ஓபெத்தைக் கை காட்டினார்.

"இவனாலதான் ஒரு எடத்துல உக்கார முடியாதே. நாள் முழுக்க சுத்திக்கிட்டே இருப்பான். அதோட, எந்தத் திருடன் எந்த வழியா வருவான்னு இவனுக்குத்தான் தெரியும். பாதி வழி இவன் போட்டது."

எல்லோரும் கலையும் நேரத்தில் செலி எழுந்தாள். கரைக்கோடி வீட்டில் தனியாக இருந்தவள். ஊரார் பிடித்துவரும் அட்டையை அவித்து, புகையில் உலர்த்திக் கொடுப்பது அவள் தொழில்.

"கடலுக்கு மூணு வருஷம் லீவு. சந்தோஷம். எனக்கு?"

"இதைத்தான் நாங்க வாய்ப்புச் செலவுன்னு சொல்வோம்," என்றார் விந்தார்த்தி அம்மாள், குறித்துக்கொண்டே.

"பேரு வெச்சாச்சா? சரி. இனிமே பசிச்சா அந்தப் பேரச் சொல்லிக் கூப்புடுறேன்."

ஓபெத் பன்னிரண்டு வருஷமாகத் தன் அட்டையை அவளிடம்தான் கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டிருந்தான். அவள் அவித்து முடிக்கும்வரை முற்றத்து மாமரத்தில் காய் பறித்துத் தின்பான். எல்லாவற்றிலும் அவசரப்பட்டவன், கல்யாணப் பேச்சை மட்டும் எடுக்கவேயில்லை. அதற்கும் அவனிடம் விளக்கம் இருந்தது: கேட்டால் பதிலுக்குக் காத்திருக்க வேண்டுமே.

கடலில் ஓலைக்கழி நட்ட அன்று கப்பல் வந்தது. சோரோங் நகரத்து மீன் டப்பா ஆலையில் வேலை என்று செலி ஒரு பெட்டியோடு துறைக்கு வந்தாள்.

"கடல் தொறக்கிறப்ப வந்துடுவேன். மூணு வருஷந்தான். காத்திருப்பியா, ஓபெத்?"

அப்போதுதான் அவன், நான் மேலே எழுதியதை அறிவித்தான். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு ஆம்பிளை வேறென்ன சொல்வான்?

"நான் ஒங்கிட்ட கேக்கல," என்றாள் செலி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு. "மாமரத்துக்கிட்டச் சொன்னேன். போய்ச் சொல்லிடு."

கயிறு அவிழ்க்கும் முன்பே அவன் திரும்பி நடந்துவிட்டான்.

அடுத்த மாதம் யாப் ஏணியோடு செலி வீட்டுக்குப் போனான். அவன் செலியின் சித்தப்பா மகன். காலி வீட்டின் கூரைத் துத்தநாகத் தகடுகள் தன் சமையலறைக்கு ஆகும் என்பது அவன் எண்ணம். போய்ப் பார்த்தால், கதவில் இளந்தென்னை ஓலை. முடிச்சு கேவாங் முடிச்சு. கடலில் கட்டிய அதே மாதிரி.

சாசி ஓலையை அவிழ்க்க எங்கள் ஊரில் யாருக்கும் துணிச்சல் கிடையாது. யாப் நேரே ராஜாவிடம் போனான். சபை கூடியது.

"ஏன்டா, வீடு கடலா?" என்றார் ராஜா.

"இல்ல, பாபா ராஜா."

"காடா?"

"இல்ல."

"பின்ன எந்தச் சட்டத்துலடா ஓலை கட்டின?"

ஓபெத் தரையைப் பார்த்தான். "மூணு வருஷம் யாரும் கை வெக்காம மூடி வெச்சா, போனதெல்லாம் திரும்பி வரும்னு நீங்கதானே சொன்னீங்க."

"வீட்டுக்குள்ள என்னடா பெருகும்? எலியா?" என்றான் யாப். ஒருவரும் சிரிக்கவில்லை.

ராஜா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். வீட்டுக்கு சாசி போடலாம் என்று விதி இல்லை; போடக் கூடாது என்றும் விதி இல்லை; ஆகவே கடல் திறக்கும்வரை வீடும் மூடியிருக்கட்டும் என்று தீர்ப்பானது. யாப் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனான்.

ஓலை முற்றத்துக்கும் சேர்த்தி என்பதால் மாமரத்தில் இனிமேல் காய் பறிக்க முடியாது. காவல்காரனே பறித்தால் அப்புறம் சாசிக்கு என்ன மதிப்பு? காய் மஞ்சளாகித் தானே விழுந்தது. விழுந்ததை எடுக்கலாம் என்று அவனாக ஒரு விதி செய்துகொண்டான். இனிப்பாக இருந்தது என்று ஊசி லியாவிடம் புகார் மாதிரிச் சொன்னானாம்.

அவன் காவலில் ஒரு குஞ்சு அட்டைகூடத் திருடு போகவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கப்பல் வரும் நாளில் மட்டும் காவல் படகுத்துறைப் பக்கமாகவே நடந்தது. அங்கே அட்டை கிடையாது. கேட்டால் கடமை என்பான்.

இரண்டாம் வருஷம் விந்தார்த்தி அம்மாள் கடலடியில் எண்ணிப் பார்க்க வந்தார். அவர் படத்தில் அட்டைக் கோடு மேலே ஏறியிருந்தது. மகிழ்ச்சியில் பழைய கேள்வியையே அவனிடம் மறுபடி கேட்டார்: இன்றைக்கு ஒன்றா, பிறகு இரண்டா?

"ரெண்டெல்லாம் வேணாம்மா," என்றான் ஓபெத். "போனது ஒண்ணுதான். மூணு வருஷம் கழிச்சு அந்த ஒண்ணு வருமா? அதுக்கு ஒங்க படத்துல கோடு இருக்கா?"

அம்மாள் பென்சில் முனையால் படத்தில் தேடினார். அந்தக் கோடு அதில் இல்லை.

மூன்று வருஷம் முடிந்தது. கடல் திறப்பதற்கு முந்தின நாள் கப்பல் வந்தது. அரிசி மூட்டை, ஆணிப் பெட்டி, இரண்டு ஆடு, பாதிரியாரின் மைத்துனர் இறங்கினார்கள். ஓபெத் ஆடுகள் இறங்கும்வரை நின்றான். கப்பல் சமையல்காரர் ஊசி லியாவிடம் ஒரு கடிதம் கொடுத்தார். ஆலையில் ஒப்பந்தத்தை நீட்டிவிட்டார்கள், எப்போது வருவேன் என்று சொல்ல முடியவில்லை என்று எழுதியிருந்தாள் செலி. கீழே ஒரு வரி: மாமரம் காய்க்கிறதா?

மறுநாள் காலை ஊரே கரையில் கண்ணாடியோடு நின்றது. பாதிரியார் ஜெபம் செய்தார். யாப் தண்ணீரில் கால் வைத்தபடியே சொன்னான்: "ஓபெத், கெடு முடிஞ்சிடுச்சு. அந்தக் கதவு ஓலையையும் அவுத்துடு. சாயங்காலம் ஏணியோட வரேன்."

ஓபெத் மூன்று தடவை சங்கு ஊதினான். மூன்றாவது முடிவதற்குள் ஊர் முழுவதும் தண்ணீருக்குள் இருந்தது. முழங்கை நீள அட்டைகள், மூன்று வருஷமாக அவன் காத்து வளர்த்தவை, கூடை கூடையாக மேலே வந்தன. முதலில் குதிப்பான் என்று எல்லோரும் எதிர்பார்த்தவன் சங்கைப் பாறைமேல் வைத்துவிட்டு, கத்தியை எடுத்துக்கொண்டு கரைக்கோடிக்கு நடந்தான்.

களிக் கிண்ணத்தோடு ஊசி லியா அங்கே போனபோது, காய்ந்து சருகான பழைய ஓலை வாசலில் கிடந்தது. கதவில் புதிதாய் வெட்டிய பச்சை ஓலையை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான்.

"இது எத்தன வருஷத்துக்குடா?"

அவன் முடிச்சை இழுத்துப் பார்த்தான். பிறகு வாசற்படியில் உட்கார்ந்தான். அவனால் ஒரு இடத்தில் உட்கார முடியும் என்பதையே அவள் அன்றுதான் பார்த்தாள்.

"சாப்புடு. இப்பத்தான் எறக்கினேன்."

கிண்ணத்தை வாங்கி, ஆவி பறக்கப் பக்கத்தில் படிமேல் வைத்தான்.

"ஆறட்டும், ஊசி."