பக்கத்து வீட்டு ஏசியும் என் கறுப்புக் காரும்

போன செவ்வாய்க்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒருவர் என் கார் மேல் ஆசிட் தெளித்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சும்மா இல்லை... அதற்கு அட்வான்ஸ் வேறு கொடுத்திருந்தேன்.

பதற வேண்டாம். பாத்ரூம் டைல்ஸில் ஊற்றினால் புகை கிளம்புமே, அந்த ஆசிட் இல்லை. ஆசிட் கலந்த கார் ஷாம்பு. இன்றைக்குச் சாவகாசமாகச் சொல்கிறேன். அன்றைக்கு அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ரிட்டையர் ஆன பணத்தில் வாங்கிய கார் அது. கறுப்பு வேண்டாம் என்று மனைவி சொன்னாள். கேட்டேனா? வாங்கிய கையோடு மதுரைக்குக் கொண்டுபோய் செராமிக் கோட்டிங்கும் போட்டேன். பெயின்ட் மேல் கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு. தண்ணீர் ஒட்டாது. முத்து முத்தாகத் திரண்டு உருண்டு ஓடும்.

அந்த முத்துகளைப் பார்ப்பதற்காகவே தினமும் காலையில் காரைக் குளிப்பாட்டினேன். ராஜபாளையத்தில் எங்கள் வீட்டில் போர்வெல் இருக்கிறது. ஹோஸைப் பிடித்தால் போதும், தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். துணி போட்டுத் துடைப்பேனா? மாட்டேன். கோட்டிங் போட்ட காருக்குத் துடைப்பு எதற்கு? வெயிலில் தானாகக் காயட்டும் என்று விட்டுவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவேன்.

சித்திரையில் ஒரு நாள் பானெட்டைப் பார்த்தால்... வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். அம்மை போட்ட மாதிரி. துடைத்தேன், போகவில்லை. நகத்தால் சுரண்டினேன், அப்படியே இருந்தது. அண்ணாந்து பார்த்தேன். பக்கத்து வீட்டு ஏசி. அதன் குழாயிலிருந்து நேராக என் பானெட் மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அது சாகுல் பாய் வீடு. பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். இருபது வருஷப் பழக்கம். நோன்புக் கஞ்சி வந்தால் முதல் தூக்குவாளி எங்கள் வீட்டுக்குத்தான். அந்த மனிதரை வாசலுக்குக் கூப்பிட்டு, நடுத்தெருவில் நிற்கவைத்து நான் பேசிய பேச்சை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

"இம்புட்டு செலவு பண்ணி ஒருத்தன் கோட்டிங் போட்டா, அது மேல உங்க வீட்டுக் கழிவுத் தண்ணிய விடுவீகளோ?"

கழிவுத் தண்ணீர் என்றேதான் சொன்னேன்.

அவர் பதிலுக்கு முறைக்கக்கூட இல்லை. "தெரியாமப் போச்சு அண்ணாச்சி. நான் பாத்துக்கிடுதேன்" என்று உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து ஒரு சொட்டு விழவில்லை. குழாயைத் திருப்பிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு என்னைக் கண்டால் தலையை மட்டும் ஆட்டிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பிவிடுவார். எனக்கும் வீம்பு. ஜெயித்தவன் நான் அல்லவா?

மூன்று வாரம் எந்த ஷாம்புவுக்கும் அந்தப் புள்ளிகள் அசையவில்லை. கடைசியில் யாரோ சொல்லி ஸ்ரீவில்லிபுத்தூரில் கார் பாலிஷ் கடை வைத்திருக்கும் செல்வினிடம் போனேன். அவர் பானெட்டில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"உப்புக்கறை சார். சாதா ஷாம்பு கேக்காது. ஆசிட் ஷாம்புதான் போடணும்."

"கோட்டிங் போயிராதா தம்பி?"

"அளவாக் கலந்து, நிழல்ல நிறுத்தி, சூடு ஆறின பொறவு போட்டா ஒண்ணும் ஆகாது. செத்த நேரத்துல கழுவிரணும், காய விடக் கூடாது. இதையே நீங்க இன்னும் ரெண்டு மாசம் விட்டிருந்தீகன்னா கறை பெயின்டையே தின்னுருக்கும்."

பானெட்டில் மட்டும் முதலில் போட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். தண்ணீர் அடிக்கும் சத்தம் கேட்டுத் திறந்தால்... கன்னங்கரேலென்று என் பழைய பானெட். சத்தியமாகக் கண் கலங்கிவிட்டது.

சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்குமா? "எல்லாம் பக்கத்து வீட்டு ஏசி தண்ணி பண்ணின வேலை தம்பி" என்றேன்.

செல்வின் துணியைக் கீழே வைத்தார். என்னை அப்படியே காருக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

"டிக்கியப் பாருங்க. டாப்பப் பாருங்க. ஏசி தண்ணி அம்புட்டு தூரம் நடந்தா வந்துச்சு?"

பார்த்தேன். டிக்கியிலும் அதே புள்ளிகள். டாப்பிலும், பின் கதவிலும் அதே புள்ளிகள். மூன்று வாரமாக என் கண்ணில் பானெட் மட்டும்தான் பட்டிருக்கிறது.

"ஏசி தண்ணில உப்பே கிடையாது சார். காத்துல உள்ள ஈரம்தானே அது" என்று தன் ஆபீஸ் ஜன்னலைக் காட்டினார். அங்கே ஏசி குழாய்க்கு அடியில் ஒரு கேன். "கடைசி அலசலுக்கு நாங்களே அதப் பிடிச்சுத்தான் வச்சிருக்கோம். நீங்க வீட்ல எந்தத் தண்ணில கழுவுதீக?"

"போர் தண்ணி..."

"துடைப்பீகளா?"

டிக்கியிலிருந்த ஒரு புள்ளியை நகத்தால் சுரண்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

"கோட்டிங்ல முக்காவாசித் தண்ணிதான் சார் உருண்டு ஓடும். மிச்சம் நிக்கிற சொட்டு வெயில்ல காஞ்சா, உப்பு அங்கனயே தங்கிரும்."

தலையில் யாரோ ஓங்கிப் போட்டதுபோல் இருந்தது. தினம் தினம் என் கையாலேயே உப்புத் தண்ணீரை ஊற்றி, காயவைத்து, அதைத் தெருவுக்கு வேடிக்கை காட்டியிருக்கிறேன். பழி பாய் தலையில். செல்வின் மிச்சக் கறையையும் எடுத்துத் தந்த பிறகு, ஊர் திரும்பும் வழியெல்லாம் அந்தக் கழிவுத் தண்ணீர் என்ற வார்த்தைதான் காதில் கேட்டுக்கொண்டே வந்தது.

வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகப் பாய் வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்தது அவர் மகள் ரிஸ்வானா. தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள் என்று மனைவி சொல்லியிருந்தாள், வீம்பில் நான் போய்ப் பார்க்கவில்லை. நிறைமாதம். முகமெல்லாம் வேர்வை. மடித்த பேப்பரால் விசிறிக்கொண்டே நின்றாள்.

"வாங்க மாமா. அத்தா கடையில இருக்காக."

"என்னம்மா இப்படி வேர்த்துக் கிடக்கே? ஏசி ரிப்பேரா?"

"இல்ல மாமா. குழாய மாத்த ஆளு வரல. அதுவரைக்கும் போட வேண்டாம்னு அத்தா சொல்லிட்டாக. உங்க காரு கெட்டுரும்ல."

மூன்று வாரம். கத்திரி வெயில். வாயும் வயிறுமாக ஒரு பிள்ளை... நான் வாசலிலேயே நின்றேன்.

"காரு சரியாயிட்டா மாமா?" என்று அவளே கேட்டாள்.

"ஆயிருச்சும்மா."

"அப்ப நாங்க ஏசி போட்டுக்கிடலாமா?"

அவள் வீட்டு ஏசி. அனுமதி என்னிடம். "போடும்மா, இப்பவே போடு" என்றேன். அங்கிருந்து பஜாருக்குப் போனேன். தெருவில் வைத்துத் திட்டியவன், கடையில் நாலு பேர் பார்க்க பாயின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். அவர் அளந்துகொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"விடுங்க அண்ணாச்சி. ஆசையா வாங்குன காரு எங்களால போயிருச்சேன்னு வீட்ல எல்லாருக்கும் வருத்தம்" என்றார்.

இப்போது கார் அந்தக் குழாய்க்கு நேர் கீழேதான் நிற்கிறது... ராத்திரி பகலாகச் சொட்டட்டும்.