றோஸ் கடையில் இறந்த சம்மாட்டியார்

றோஸின் கைகள் ஒரு பிறப்புச் சான்றிதழுக்கு லெமினேட் போட்டுக்கொண்டிருந்தன. வலது கால் மேசைக்குக் கீழே ஒரு சின்னக் கதிரையில் கிடந்தது. குதிக்காலில் சீனி வருத்தத்தால் வந்த புண். நான் தரையில் உட்கார்ந்து அதற்கு மருந்து கட்டிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் வைத்துக் கட்டியிருக்கலாம். ஆனால் கடையைப் பூட்டினால் சனம் வேறு கடைக்குப் போய்விடும் என்று அவள் அசைய மறுத்துவிட்டாள். பராமரிப்புப் பயிற்சியில் கட்டிலில் கிடப்பவரையும் சக்கர நாற்காலியில் இருப்பவரையும் பார்க்கச் சொல்லித் தந்தார்கள். போட்டோக்கொப்பி மெஷினுக்கு அடியில் இருந்து வேலை செய்ய யாரும் சொல்லித் தரவில்லை.

அந்தக் கடை ஓர்ஸ் ஹில்லில் இருக்கிறது. பிரதி எடுப்பது, ரைப் அடிப்பது, போனுக்கு ரீலோட் போடுவது எல்லாம் அங்கே நடக்கும். மரண அறிவித்தலும் றோஸ்தான் செய்து கொடுப்பாள். கறுப்புக் கரை, இரண்டு மூலையிலும் குத்துவிளக்கு, நடுவில் படம். எங்கள் கத்தோலிக்க ஆட்களுக்கு விளக்கை எடுத்துவிட்டுச் சிலுவை வைப்பாள். செய்து முடித்ததும் தன் போனிலிருந்தே ஊர் வட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்பிவிடுவாள். அவளுடைய இலக்கத்திலிருந்து அந்தக் கறுப்புக் கரை வந்தால் சனம் மினக்கெட்டு வாசிப்பதில்லை. நேரே வெள்ளைச் சட்டையைத் தேடும்.

இவை வயிற்றுக்கான வேலை. அவள் உயிரை விடுவது வேறொன்றுக்கு. 'நங்கூரம்' என்று ஓர் இணையப் பக்கம் நடத்துகிறாள். ஒருமுறை ஒருவர் சிறுகதை ரைப் அடிக்க வந்தார். போட்டிக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார்.

"தோத்தால் என்ன செய்வியள்?" என்று றோஸ் கேட்டாள்.

"அலுமாரிக்குள்ள வைப்பன்."

"அலுமாரிக்குள்ள வைக்கிறதை நான் இன்ரநெற்றில வைக்கிறன், தாங்கோ."

அப்படித் தொடங்கியது. இப்போது இலங்கைத்துறையில் வலை தைக்கிற பெண் போனில் கதை சொல்லி அனுப்புகிறாள். படம் கீறுகிறவர்களும் வருகிறார்கள். றோஸ் எல்லோருடனும் சண்டை பிடிப்பாள். கதை சூரிய உதயத்தில் தொடங்கினால், "சூரியனை விடுங்கோ, அது தன்பாட்டில உதிக்கும்" என்பாள். ஆனால் எழுதியவரைக் கேட்காமல் ஒரு சொல்லையும் மாற்ற மாட்டாள். பெயரை வெளியே விடவேண்டாம் என்று யாராவது கேட்டால், கோயிலில் பாதர் கேட்டாலும் சொல்ல மாட்டாள்.

அப்படிப் பெயரை மறைத்தவர்தான் பாயிஸ். கிண்ணியாக்காரர். மீன்பிடிப் படகுகளுக்குப் பெயின்ற் அடித்து, பெயர் எழுதி, முன்பக்கத்து அணியத்தில் ஒரு மீன் கீறிவிடுவது அவர் தொழில். அவர் கீறும் மீனுக்கு நீளமான இமைமயிர் இருக்கும். "மீனுக்கு எங்க தம்பி இமை?" என்று நான் கேட்டேன். "வடிவுக்கு" என்றார். நான் மேசைக்கு அடியில் இருப்பது தெரியாமல் அவர் வந்து கதைத்ததால்தான் எனக்கு விசயம் தெரியும். இப்போது எழுதலாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

பாயிஸ் நங்கூரத்துக்கு ஒரு படக்கதை கீறிவந்தார். அதன் நாயகன் 'சம்மாட்டியார்', பல படகுகளுக்குச் சொந்தக்காரர். கடலைப் பார்த்தும் ஏசுவார், காற்றைப் பார்த்தும் ஏசுவார், எஞ்சினிடம் மட்டும் கெஞ்சுவார். மை பூசிய மீசை, நூல் கட்டிய கண்ணாடி, தலையில் நீலத் துவாய். சாம்பல்தீவுப் பாக்கியரத்தினத்தை ஒருமுறை பார்த்தவருக்கு அது யார் என்று சொல்லத் தேவையில்லை. அவரையும் ஊரில் சம்மாட்டியார் என்றுதான் சொல்வார்கள். அவர் மட்டும் அதுவரை அந்தக் கதையைப் பார்த்ததில்லை.

"என்ர பெயர் மட்டும் வெளிய போகப்படா, றோஸக்கா" என்று பாயிஸ் ஒவ்வொரு கிழமையும் சொல்வார். "அவர் அறிஞ்சால் சாம்பல்தீவில ஒருத்தரும் போட் தரமாட்டினம். எனக்கு வேற தொழில் தெரியாது."

கடைசியில் கதையில் சம்மாட்டியாரைச் சாகடிப்பதென்று முடிவெடுத்தார். மரண அறிவித்தலே ஒரு படமாக வரவேண்டும் என்று றோஸின் கறுப்புக் கரையையும் விளக்கையும் வாங்கிக்கொண்டு போனார். றோஸுக்கு அந்தப் படம் மிகவும் பிடித்துவிட்டது. மறுநாள் வரப்போகும் பகுதிக்கு விளம்பரமாக இருக்கட்டும் என்று, 'முழு விபரம் நாளைக் காலை' என்று கீழே எழுதி, நான் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான், லெமினேட் சூடாகும்வரை சும்மா இருப்பானேன் என்று, எல்லாக் குழுக்களுக்கும் தட்டிவிட்டாள்.

நான் மருந்துப் பெட்டியை மூடுமுன் முதல் அழைப்பு வந்தது.

"எப்ப எடுக்கிறாங்கள்?"

"என்னத்தை?"

"பிரேதத்தை!"

பாக்கியரத்தினமும் மனைவியும் மட்டக்களப்பில் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தார்கள். வீடு பூட்டிக் கிடந்தது. அவருடைய போனில் சார்ஜ் இல்லை. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்த ஊர், பிரேதம் மட்டக்களப்பிலிருந்து வருகிறது என்று முடிவு கட்டிவிட்டது. றோஸ், "அது கதை, அது கதை" என்று போனில் கத்தினாள். கதையாக இருந்தால் நல்லதுதான் என்று அழைத்தவர்கள் அழுதார்கள். அவள் கடைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்ததில் என் கட்டு அவிழ்ந்து வால்போல இழுபட்டது. பின்னேரம் வந்து திரும்பக் கட்டுவதாகச் சொல்லி, ஏசிவிட்டுப் போனேன்.

பாக்கியரத்தினம் பின்னேரம் வாடகை வானில் வந்து இறங்கியபோது அவருடைய ஒழுங்கை முழுக்க வெள்ளைக் கொடி. கதிரை வாடகைக்கு விடுகிறவர் படலையடியில் கதிரைகளை இறக்கிக்கொண்டிருந்தார்.

"ஆற்ற சாவீடு?" என்று கேட்டார் பாக்கியரத்தினம்.

கதிரைக்காரர் இரண்டு கதிரைகளைக் கீழே போட்டுவிட்டு ஓடினார்.

அயலில் யாரோ போனில் அறிவித்தலைக் காட்டியதும் அவர் நேரே றோஸ் கடைக்கு வந்தார். நான் மீண்டும் மேசைக்கு அடியில் இருந்தேன்.

"ஆர் இதைக் கீறினது? பெயரைச் சொல்லுங்கோ."

"பெயர் தர ஏலாது, சம்மாட்டியார். அனுப்பினது நான். பிழை என்னில. என்னை ஏசுங்கோ."

"உங்களைப் பிறகு ஏசுறன். இப்ப பெயர்."

"ஏலாது."

"பொலிசுக்குப் போவன்!"

"போங்கோ. முறைப்பாட்டை ரைப் பண்ணித் தரட்டோ?"

அவள் பகிடிக்குச் சொல்லவில்லை. கடையில் அதுவும் செய்வதுண்டு. அவர் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். றோஸ் அவருடைய போனை வாங்கிச் சார்ஜில் போட்டாள். கொஞ்சத்தில் அது துடிக்கத் தொடங்கியது. தனக்கு வந்த அனுதாபங்களை அவர் ஒவ்வொன்றாக வாசித்தார்.

"கூப்பன் கடைக்காரன் நான் தங்கமான மனிசனாம். போன மாசம் என்னோட சண்டைக்கு வந்தவன்." கொஞ்ச நேரம் தேடினார். "என்ர மச்சான் வெறும் பெருவிரல் படத்தைத்தான் போட்டிருக்கிறான். செத்ததுக்குப் பெருவிரலோ?"

"நான் பதில் போடட்டோ?" என்றாள் றோஸ்.

"வேண்டாம். அந்தக் கதையைக் காட்டுங்கோ."

முதற் பகுதியிலிருந்து பார்த்தார். மேசைக்கு அடியிலிருந்து எனக்கு அவருடைய செருப்புகள் மட்டும் தெரிந்தன. கொஞ்சம் போக, அவை ஆடத் தொடங்கின. சிரிக்கிறார் என்று நினைத்தேன். திடீரென்று மேசையில் அடித்தார்.

"பதினஞ்சு குதிரை எஞ்சினோ? என்ர போட்டுக்கு? நாப்பது! இதைப் பார்க்கிறவன் என்ன நினைப்பான்?"

"அதைச் சொல்லுறன்."

"இன்னொண்டு. நான் எழும்ப வேணும். சாக ஏலாது."

"எழுதினவரைக் கேக்காமல் நான் ஒண்டும் மாத்திறேல்லை."

"அப்ப கேளுங்கோ, இப்ப!"

றோஸ் போனைக் காதோடு ஒட்டிப் பிடித்து, "தம்பி" என்று மட்டும் சொல்லி விசயத்தைக் கேட்டாள். தொழில் போய்விடும் என்று கிழமைக்குக் கிழமை நடுங்கிய மனிதர், ஆளை உயிர்ப்பிப்பாரா என்றதும் நிமிர்ந்துவிட்டார். போனை வைத்துவிட்டு றோஸ் சொன்னாள்:

"எஞ்சினை மாத்துவாராம். ஆனால் செத்தது செத்ததுதானாம்."

"ஆள் என்ன, யமனோ?"

"சம்மாட்டியார், உங்களுக்குக் கதை பிடிக்காட்டி நீங்களும் ஒண்டு எழுதுங்கோ. செத்த ஆள் மறுப்புச் சொல்லுற மாதிரி. பக்கத்திலயே போடுறன்."

"எனக்கு எழுத வராது."

"கதைக்க வரும்தானே? நான் ரைப் அடிக்கிறன்."

"அது நல்லா வரும்" என்றேன் நான்.

அவர் துள்ளி எழும்பினார். "ஆர் அது கீழ?"

"புண் கட்டுற ஆள். ஆடாமல் இருங்கோ, மருந்தில மிதிக்கப் போறியள்."

கொடிகளை இறக்கவேண்டும் என்றால், அவர் உயிரோடிருப்பதாக உடனே அறிவித்தல் போகவேண்டும். றோஸிடம் அதற்கு மாதிரி இல்லை. கறுப்புக் கரையை எடுத்துவிட்டு, பிறந்தநாள் அட்டையிலிருந்து பலூன்களை வெட்டி ஒட்டி அனுப்பினாள். பாதிப் பேர் அவருக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னார்கள். மச்சான் அதற்கும் பெருவிரல்தான் போட்டார்.

மறுநாள் காலை றோஸ் கடை திறக்குமுன்பே அவர் வாசலில் நின்றார். நானும் நின்றேன். கட்டு நனைந்திருக்கும் என்று எனக்குத் தெரியும், நனைந்துதான் இருந்தது. அவர் நாற்பது குதிரைவலு எஞ்சினைப் படம் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமினார்.

"பொன்னிறச் சூரியன் கடலில் இருந்து மெல்ல..."

"சூரியனை விடுங்கோ" என்றாள் றோஸ்.

அவர் முறைத்தார். பிறகு விட்டார். நான் புண்ணைக் கழுவி, துடைத்து, மருந்து வைத்து முடிக்கும்வரை அவர் சொல்ல, அவள் அடித்தாள். மச்சானின் பெருவிரலும் கதைக்குள் வந்தது. சொல்லி முடித்ததும் அவர் எழும்பி, எஞ்சின் படத்தை மேசையில் வைத்தார்.

"இதைக் கீறுற ஆளிட்டக் குடுங்கோ. புதுப் போட் ஒண்டு பெயின்ற் அடிக்கக் கிடக்கு, இந்தக் கிழமைக்குள்ள வரச் சொல்லுங்கோ."

"எந்த ஆள்?" என்றாள் றோஸ். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. கால் மட்டும் என் கையில் விறைத்தது.

"எனக்கெப்பிடித் தெரியும்? நீங்கள்தான் பெயர் சொல்ல மாட்டியளே." படியில் இறங்கியபடி திரும்பினார். "அந்தக் கதையில வாற இமை வச்ச மீன் என்ர போட் எல்லாத்திலயும் கிடக்கு. புதுசிலயும் வேணும்."

றோஸ் பாயிஸின் மரணப் பகுதியை ஏற்றி, அதற்குப் பக்கத்தில் 'இறந்தவரின் மறுப்பு' என்று சம்மாட்டியாரின் கதையையும் ஏற்றினாள். இம்முறை விளம்பரம் எதுவும் அனுப்பவில்லை. நான் கட்டுக்கு முடிச்சுப் போட்டு, அவளுடைய காலைத் தூக்கிக் கதிரையில் வைத்தேன்.